மகாவிரதத்தில் நான் சேர்த்த ஒரு சொல்

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் ஏதாவது வாங்கப் போவார்கள், விற்கப் போவார்கள், இல்லையென்றால் பிள்ளை வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரப் போவார்கள். நான் மலேசியாவுக்குப் போனது, வாய்விட்டுச் சொன்ன ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள. கூப்பிட்டது கஸ்தூரி என்ற பெண். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். முன்பின் பார்த்ததில்லை. போனில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“மாஸ்டர், நீங்க சொன்னதக் கேட்டு எங்கம்மா வலிப்பு மருந்த நிறுத்திட்டாங்க. டாக்டர் சொல்லியாச்சு, நான் சொல்லியாச்சு, கோயில் ஐயரும் சொல்லியாச்சு. கேக்க மாட்றாங்க. நீங்கதான சொன்னீங்க, நீங்களே வந்து இல்லேன்னு சொல்லிட்டுப் போங்க.”

நான் ஈரோட்டில் யோகா சொல்லிக்கொடுக்கிறவன். இருபத்தைந்து வருஷமாக அதுதான் சோறு. ஊரடங்குக் காலத்தில் வகுப்பு படுத்துவிட்டது. சும்மா இருக்க முடியாமல் பன்னிரண்டு பாடங்கள் பேசிப் பதிவு செய்து இணையத்தில் போட்டேன். ஆசனம் நாலு பாடம், மூச்சுப் பயிற்சி மூணு, மிச்சமெல்லாம் யமம், நியமம் என்று தத்துவம். அந்தத் தத்துவப் பாடங்களை எங்கள் ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரியே பார்க்கவில்லை. தொப்பை குறைக்க வருகிறவனிடம் போய் அபரிகிரகம், அதாவது தேவைக்கு மேல் சேர்க்காமல் இருப்பது என்று சொன்னால், “சார், அது எந்த தசைக்கு?” என்று கேட்பான். நான் சொன்னதை ஈரோட்டில் யாரும் செய்ததில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதுமில்லை.

முதல் நாள் விமான நிலையத்திலிருந்து கஸ்தூரி தன் சின்னக் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். முப்பது வயதிருக்கும். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். வீடியோவில் பார்த்த ஆள் இவ்வளவு குள்ளமா என்று நினைத்தாளோ என்னவோ. அவர்கள் ஊரான ஈஜோக் நெருங்கும்போது முன்னால் ஒரு லாரி, பாமாயில் எடுக்கிற செம்பனைக் குலைகளை மலை மாதிரி ஏற்றிக்கொண்டு போனது. ஒரு பள்ளத்தில் அது குதித்ததும் ஒரு குலை உருண்டு வந்து எங்கள் காரின் மூக்கில் விழுந்தது. பலாப்பழம் அளவு இருக்கும், உடம்பெல்லாம் முள். லாரி நிற்கவே இல்லை. காரின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது.

“இது இங்க சகஜம் லா” என்று சொல்லிவிட்டுக் கஸ்தூரி ஒர்க்ஷாப்காரனுக்குப் போன் போட்டாள். சாலையோரத்தில் ஒரு மலாய்க்கார அம்மாவின் ஒட்டுக்கடை இருந்தது. அங்கே உட்கார்ந்தோம். ரொட்டி சானாய் என்று ஒன்று கொடுத்தார்கள். நம்ம ஊர்ப் புரோட்டாவேதான், கொஞ்சம் வசதியான வீட்டில் வளர்ந்தது. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. பசி காதை அடைத்தது. ஆனாலும் வழக்கப்படி சாப்பாட்டுக்கு முன்னால் பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு கேப்சூலைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். கஸ்தூரி கையில் பிய்த்த ரொட்டியோடு அப்படியே என்னைப் பார்த்தாள்.

“என்ன மாஸ்டர் அது?”

“வயித்தெரிச்சலுக்கும்மா. பதினஞ்சு வருஷமா.”

அவள் பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். கடைக்கார அம்மா வந்து மலாயில் ஏதோ சொன்னார். மழைக்கு முன்னால் மெக்கானிக் வந்துவிடுவான், நன்றாகச் சாப்பிடுங்கள் என்கிறார் என்று கஸ்தூரி மொழிபெயர்த்தாள். பிறகு கதையைச் சொன்னாள்.

அவள் அம்மா தனலெட்சுமிக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர். ‘காக்கா வலிப்புத் தனம்’ என்றுதான் தோட்டம் முழுக்கப் பேர். கேப்சூல் சாப்பிட ஆரம்பித்த பிறகு இருபது வருஷம் ஒன்றுமில்லை. என் பாடங்களைக் கேட்டு முதலில் மீனை விட்டார், பிறகு முட்டையை விட்டார். அப்புறம் ஒருநாள் மருந்து வாங்கும் இடத்தில், மருந்து எடுத்துக் கொடுக்கிற மலாய்ப் பெண் பாசமாகப் பேசியிருக்கிறாள். இங்கே மருந்து அட்டையில் கேப்சூலின் கூடு எந்த மிருகத்திலிருந்து செய்தது என்று போட்டிருக்குமாம். பன்றியோ என்று முஸ்லிம்கள் பயப்படுவார்களே, அதற்காக. தனம் அந்த எழுத்தை உற்றுப் பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண், “பயப்படாதீங்கம்மா, இது பன்றி இல்லை. மாடுதான்” என்று தைரியம் சொன்னாள்.

அன்றோடு சரி. இருபது வருஷம் மாட்டை முழுங்கியிருக்கிறேனே என்று தனம் இரண்டு நாள் அழுதாராம். கஸ்தூரி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

“வேற மருந்து இல்லையாம்மா?”

“மாத்திப் பாத்தாங்க. உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. ஒத்துக்கறது இது ஒண்ணுதான். கூட்டப் பிரிச்சுத் தூள மட்டும் குடுக்கலாம்னா, மாட்டுக்குள்ள இருந்த தூளுதானேங்கறாங்க. ஒருநாள் தெரியாம பால்ல கலந்து குடுத்தேன், கண்டுபிடிச்சுட்டாங்க. சத்தியத்தையும் ஒடச்சிட்டியேன்னு சொன்னாங்க. அன்னையிலருந்து நான் சமைச்சதத் தொடறதில்ல.”

நிறுத்தின முதல் நாலு மாதம் ஒன்றும் வரவில்லை. அதுதான் கெடுத்தது. விரதம் காப்பாற்றுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அஞ்சாவது மாதம் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்யும்போது அடுப்புமேல் விழுந்தார். அடுத்தமுறை எழுந்திருப்பாரா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

தனத்தை அன்று சாயங்காலம்தான் பார்த்தேன். ஐம்பது வயது. ஒல்லியான உடம்பு, பளிச்சென்ற வெள்ளைச் சேலை. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது. வாசலிலேயே என் காலில் விழப் போனார். நான் பதறிப் பின்னால் போய்ச் செருப்பு அடுக்கில் இடித்துக்கொண்டேன். “பசியாறிட்டீங்களா மாஸ்டர்? இட்லி ஊத்தி வச்சிருக்கேன். எல்லாம் சுத்தம், பயப்படாமச் சாப்பிடுங்க” என்றார். அந்தப் பஞ்சு மாதிரி இட்லியை நான் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

இட்லிக்குப் பிறகு கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். பதினாலு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள், தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், வீட்டோடு இருப்பவர்கள். தனம் முன்னால் போய் நின்றதும் எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டு மாதிரியே தனம் ஒவ்வொரு சொல்லாகக் கூப்பிட, அவர்கள் பதில் சொன்னார்கள். அகிம்சை என்றால் ‘எந்த உசிரையும் நோகடிக்க மாட்டேன்.’ சத்தியம், அஸ்தேயம், பிரம்மச்சரியம், அபரிகிரகம். ஒரு சொல் பிசகவில்லை. இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு இப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஐந்து நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசியில் தனம் “மகாவிரதம்” என்றார். பதினாலு பேரும் சேர்ந்து சொன்னார்கள். “பிறப்பச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். இடத்தச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். காலத்தச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். சந்தர்ப்பத்தச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். நோயச் சொல்லித் தப்பிக்க மாட்டேன்.”

இந்த ஐந்து யமங்களுக்கும் விலக்கே இல்லை, அப்படிக் கைக்கொள்வதுதான் மகாவிரதம் என்று சாஸ்திரம் சொல்கிறது, சரி. ஆனால் அதில் இருப்பது நாலுதான். பிறப்பு, இடம், காலம், சந்தர்ப்பம். நோய் என்ற சொல் எந்த மூலத்திலும் கிடையாது. அது நான் சேர்த்தது. அந்தப் பாடம் பேசின அன்று எனக்கு நல்ல ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினேன். நாலு சொல்லிவிட்டு நிறுத்தினால் பேச்சு சப்பென்று முடிகிற மாதிரி இருந்தது. ஐந்தாவதாக ஒன்றைப் போட்டு, குரலை உயர்த்தி முடித்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது தன்னைத்தான் கெடுத்துக்கொண்டது.

கும்பிட்டு முடிந்ததும் ஒரு அம்மா பிளாஸ்டிக் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தனத்திடம் வந்தார். உள்ளே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாங்கின மாத்திரை அட்டைகள். தனம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

இரண்டாம் நாள் முழுக்க நான் பேசினேன். தன் உடம்பைக் காப்பாற்றுவதும் அகிம்சைதான் என்றேன். “உடம்பு மேல வைக்கிற பாசமும் பற்றுதான்னு பத்தாவது பாடத்துல சொன்னீங்க மாஸ்டர்” என்றார். செத்த மாட்டிலிருந்து எடுத்தது, நீங்கள் சாப்பிடாவிட்டால் மட்டும் அது எழுந்து நடக்குமா என்றேன். “வாங்கறவன் இருக்கறதுனாலதான் வெட்டறவன் இருக்கான்னு எட்டாவது பாடத்துல சொன்னீங்க.” என் பன்னிரண்டு பாடமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் எதைச் சொன்னாலும் நானே எதிரில் நின்று மடக்கினேன். எனக்கு என் குரலே வெறுத்துப்போனது.

மூன்றாம் நாள், வந்த விருந்தாளிக்கு ஊர் காட்டாமல் அனுப்பக்கூடாது என்று தனம் ஒற்றைக்காலில் நின்றார். கஸ்தூரி லீவு போட்டுக் காரை எடுத்தாள். கோலா சிலாங்கூர் குன்றில் குரங்குகள் பூனைக்குட்டி மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தன. நம்ம ஊர்க் கோயில் குரங்கு கண்ணாடியையே பிடுங்கிக்கொண்டு ஓடும். இவை என் கையிலிருந்த வாழைப்பழத்தை, ஏதோ கொடுத்து வைத்ததைக் கேட்பது போல மெதுவாக வாங்கிக்கொண்டன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்தில் மீன் இறங்கிக்கொண்டிருந்தது. தனம் காரைவிட்டு இறங்கவில்லை. “முன்னல்லாம் அம்மாவுக்கு எறாச் சம்பல்னா உசிரு” என்று கஸ்தூரி என் காதருகே சொன்னாள். ஒரு சீனக் கிழவர் எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். மீன் வாங்காதவன் ஏன் படகை மறைக்கிறான் என்கிறாராம். நியாயம்தான்.

திரும்பாமல் வடக்கே தஞ்சோங் காராங் பக்கம் போனோம். இருபுறமும் வயல், நடுவில் நேர்கோடாகக் கால்வாய். பச்சையைப் பார்த்ததும் நான் கோபிசெட்டிபாளையத்து வயல்களைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன். தனம் பின்சீட்டில் “அப்படிங்களா மாஸ்டர்” என்று கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டாவது முறை அப்படிங்களா வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

கஸ்தூரி காரைக் கால்வாய் ஓரம் நிறுத்திப் பின்கதவைத் திறந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிராணன், அபானன், வியானன் என்று மணிக்கணக்கில் பேசுகிற நான், கார்ச் சாவியைப் பிடுங்கி அவர் கையில் திணித்தேன். இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று சின்ன வயதில் பார்த்தது. கஸ்தூரி அதைத் தட்டிவிட்டாள். “சாவியெல்லாம் வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலைய மட்டும் பிடிங்க.” பிடித்தேன். அந்தத் தலை என் உள்ளங்கைகளில் அடித்துக்கொண்டது. மூன்று நிமிஷம் இருக்கும் என்று கஸ்தூரி பிறகு சொன்னாள். மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரர் ஒருவர் இறங்கி, வெயில் படாமல் தன் சட்டையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரிந்த மந்திரம் எதுவும் என் வாய்க்கு வரவில்லை.

தெளிந்ததும் தனம் எச்சிலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சேலையைச் சரி செய்தார். முதல் கேள்வி, “மயக்கத்துல மருந்து எதுவும் குடுக்கலையே?” இல்லை என்று கஸ்தூரி சொன்னாள். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் நான் காரின் பின்பக்கம் போய் நின்று அழுதேன்.

நான்காம் நாள் காலை, இனி சாஸ்திரம் பேசிப் பயனில்லை, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். சமையலறையில் தனம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கஸ்தூரியும் நின்றாள்.

“தனம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். மகாவிரதத்துல நாலுதான். நோய்ங்கறது நானாச் சேத்தது. எந்த ரிஷியும் சொல்லல.”

அவர் துருவுவதை நிறுத்தினார். “நாலுதான்னா அஞ்சாவது ஏன் மாஸ்டர் சொன்னீங்க?”

“சும்மா, வாய்க்கு வந்துச்சு.”

விரலில் ஒட்டின துருவலை வழித்தார். “வாய்க்குச் சும்மா வருமா? எனக்குன்னு உங்க வாயில வந்திருக்கு. நோய்க்காரி ஒருத்தி இங்க கேட்டுக்கிட்டு இருக்கான்னு உங்களுக்குத் தெரியாது. சொல்ல வச்சவனுக்குத் தெரியும்.”

ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. என் பையை எடுத்துவந்து கேப்சூல் அட்டையை மேசைமேல் போட்டேன்.

“இது நான் தினமும் சாப்பிடறது. பதினஞ்சு வருஷமா. இது எந்த மிருகம்னு ஒருநாளும் நான் கேட்டதில்ல. எங்க ஊர் அட்டையில போடறதுமில்ல. மாடாத்தான் இருக்கும். அகிம்சை பாடம் பேசறதுக்கு முந்தி ஒண்ணு போட்டுட்டுத்தான் பேசினேன். ஊருக்குத்தான் உபதேசம். நான் அப்படிப்பட்ட ஆளு. என் பேச்சக் கேட்டா நீங்க சாகப்போறீங்க?” ஒன்றைப் பிதுக்கி, அவர் பார்க்கவே முழுங்கினேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

இதைவிட ஒருத்தன் தன்னை இறக்கிக்கொள்ள முடியாது. துப்புவார், திட்டுவார், என் பாடத்தையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டுத் தன் மருந்தை எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். கஸ்தூரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அம்மாவின் கேப்சூல் அட்டை அவள் கையில் தயாராக இருந்தது.

தனம் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் குடிக்கும்வரை காத்திருந்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. கால் உடைந்த கோழியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“பரவால்ல மாஸ்டர். எல்லாருக்கும் முடியாது. உங்களுக்கு முடியல, எனக்கு முடியுது. வாழ்க்கையில என்னால முடிஞ்சது இது ஒண்ணுதான்.” மறுபடி தேங்காயை எடுத்துக்கொண்டார். “உங்களுக்கும் சேத்து நான் இருந்துக்கறேன்.”

கஸ்தூரி அந்த அட்டையை மெதுவாக அலமாரியில் திரும்ப வைத்தாள். சத்தமே வரவில்லை.

ஐந்தாம் நாள் அவள் என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டாள். வழியெல்லாம் செம்பனை, செம்பனை, ஒன்றுபோல ஒன்று. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, “வந்ததுக்கு நன்றி மாஸ்டர். அந்தப் பாடத்தையாவது எடுத்துடுங்க. அது அங்க கெடக்கறவரைக்கும் அவங்க தெனமும் கேப்பாங்க” என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்த உடனே எடுத்தேன். ஒரு பாடத்தை அல்ல, பன்னிரண்டையும். நிரந்தரமாக அழிக்கவா என்று போன் ஒவ்வொரு முறையும் கேட்டது. ஆமாம் என்று பன்னிரண்டு முறை தொட்டேன். செய்யக் கூடியதில் ஒன்றையாவது செய்துவிட்டோம் என்று கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு காப்பி வாங்கிக் குடித்தேன். விமானத்துக்கு வரிசையில் நின்றபோது போன் முனகியது. தனம் குரலில் ஒரு செய்தி.

“மாஸ்டர், நல்லபடியா ஏறிட்டீங்களா? பாடம் ஒண்ணையும் காணோம்னு மண்டபத்துப் பிள்ளைங்க சொல்றாங்க. என்னமோ கோளாறு போல. நீங்க மனசு கஷ்டப்படாதீங்க. பன்னெண்டும் எனக்கு மனப்பாடம். நானே சொல்லிக் குடுத்துடறேன்.”